ராம் போடுவதா, புதுசு வாங்குவதா?

1998 ஆகஸ்ட் 24-ஆம் தேதி இண்டெல் நிறுவனம் வெளியிட்ட சில்லுகளில் இரண்டு முக்கியமானவை. 450 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் பெண்டியம் 2-இன் மொத்த விலை 669 டாலர். செலரான் 300ஏ-இன் விலை 149 டாலர்தான். ஒன்பது நாள் கழித்து, செப்டம்பர் 2 அன்று, மலேசிய அரசு ஒரு டாலருக்கு 3 ரிங்கிட் 80 சென் என்று நாணய மதிப்பைக் கட்டிப்போட்டது. முந்தைய ஆண்டின் நடுவில் இரண்டரை ரிங்கிட்டாக இருந்த டாலர், 1998 ஜனவரியில் 4.88 வரை ஏறியிருந்தது. கணக்குப் போட்டால், பெரிய சில்லு 2,542 ரிங்கிட், சின்னது 566. கடை லாபம் இனிமேல்தான் சேரவேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சில்லுகளில் பலவற்றின் முதுகில் ‘மலாய்’ என்று முத்திரை இருக்கும். இண்டெல் அமெரிக்காவுக்கு வெளியே திறந்த முதல் தொழிற்சாலை பினாங்கின் பாயான் லெப்பாஸில் 1972-இல் வந்தது. போட்டி நிறுவனமான ஏஎம்டியும் அதே காலத்தில் அங்கே கடை விரித்தது. ஆனால் பினாங்கில் கோத்துப் பரிசோதித்த சில்லு தெற்கே கோலா சிலாங்கூருக்கு வந்துசேரும்போது டாலர் விலையைத்தான் சொன்னது. வீட்டுக் கணினியை மேம்படுத்துவதா வேண்டாமா என்ற முடிவைப் பெட்டிக்கு வெளியே இருந்த காரணங்களே எடுத்துவந்த நீண்ட வரலாற்றில், நாணய மாற்று விகிதம் முதலாவது.

கோலா சிலாங்கூர் மாவட்டத்தில் புஞ்சாக் ஆலாம் அப்போதுதான் ஊராகிக்கொண்டிருந்தது. சுற்றிலும் புக்கிட் செராக்கா, ஈஜோக், ஜெராம், அப்பால் இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியிருக்கும் பத்தாங் பெர்ஜுந்தை. ரப்பரும் செம்பனையும் ஆண்ட வட்டாரம். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம் 1917-இல் இங்கேதான் நடப்பட்டது. ‘ஃபாசா 1’, ‘ஃபாசா 2’ என்று எண்ணால் அழைக்கப்பட்ட புதுக் குடியிருப்புகள் எழுந்தபோது, தோட்டத்து லயங்களில் வளர்ந்த பிள்ளைகள் பலர் டவுன் வீடுகளுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். ஜெனரேட்டர் மின்சாரம் நேரத்துக்கு வந்து நேரத்துக்கு அணைந்த லயத்தில் கணினி என்ற பேச்சுக்கே இடமில்லை. இருபத்து நான்கு மணி நேரமும் மின்சாரம் இருந்த வீட்டில்தான் அந்தப் பேச்சு ஆரம்பித்தது.

அதுவும் படிப்பைச் சொல்லித்தான். எந்த அப்பாவும் மகன் சுட்டு விளையாடக் கணினி வாங்கித் தந்ததாகச் சொல்லமாட்டார். எஸ்பிஎம் பரீட்சை, தட்டச்சு, பிறகு முரசு அஞ்சல் மென்பொருளில் தமிழ். வாங்கிய பிறகு, ‘பள்ளி வேலைக்கு ராம் போதவில்லை’ என்று வீட்டில் ஒரு குரல் எழும். வடக்கு சிலாங்கூரில் வீட்டுக் கணினி விளையாட்டுக் கணினியாக மாறியது பெரும்பாலும் இந்த ஒரு பொய்யின் வழியாகத்தான். பெற்றோருக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

பொருள் வாங்கக் கோலாலம்பூர் போகவேண்டும். முதலில் இம்பி பிளாசா, 1999-க்குப் பிறகு பக்கத்திலேயே திறந்த லோ யாட் பிளாசா. இம்பி பிளாசாவில் கள்ள வட்டுகள் சில வெள்ளிக்கு அடுக்கிக் கிடந்தன. அதே வட்டுகள் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலும் கிடைத்தன. இதை ஒழுக்கப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பது போதாது. விளையாட்டுக்குக் காசு கொடுக்கவேண்டியதில்லை என்றானபோது, சேர்த்த காசு முழுவதும் பெட்டிக்குள் போனது. அமெரிக்கச் சிறுவன் விளையாட்டு வட்டுக்கு ஐம்பது டாலர் கொடுத்துவிட்டுப் பழைய பெண்டியத்தில் திணறிக்கொண்டிருக்க, இங்கே இருந்தவன் அந்தப் பணத்தை ராமாக மாற்றினான். வட்டு அச்சடிக்கும் ஆலைகளுக்கு உரிமம் கேட்கும் சட்டம் 2000-இல் வந்தது. பழக்கம் அதற்குள் ஊறிவிட்டது.

செலரான் 300ஏ-க்கு வருவோம். அந்தக் காலத்து மேம்படுத்தலின் முழுத் தத்துவமும் அதற்குள் அடக்கம். தாய்ப்பலகை 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பைக் கொடுக்க, சில்லு அதை நாலரை மடங்காக்கி 300-இல் ஓடும். துடிப்பை 100 ஆக்கினால் அதே நாலரை மடங்கு 450. அதாவது 669 டாலர் சில்லின் வேகம். பல சில்லுகள் இதற்குச் சத்தமில்லாமல் ஒத்துக்கொண்டன, ஏனென்றால் 128 கேபி இடைநினைவகம் தனிச் சில்லாக இல்லாமல் உள்ளேயே இருந்து, சில்லின் முழு வேகத்திலேயே ஓடியது. தாய்ப்பலகையில் துடிப்பை மாற்ற வசதி இல்லையா? சில்லு அட்டையின் விளிம்பில் பி21 என்ற ஒற்றைத் தொடுமுனையின்மேல் துளியூண்டு ஒட்டுநாடாவை ஒட்டினால் போதும்; பலகை ஏமாந்து 100 கொடுக்கும். நாடா ஒரு மயிரிழை நகர்ந்து பக்கத்து முனையை மூடினால் கணினி எழாது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கத்தரிக்கோல் முனையால் செய்யவேண்டிய வேலை. வெளியே 32 டிகிரி வெயில், தகரக் கூரை, குளிர்சாதனம் கிடையாது. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு மேசை விசிறியைத் திருப்பி வைப்பதுதான் குளிரூட்டும் முறை. விசிறி காற்றோடு செம்மண் தூசியையும் உள்ளே தள்ளியது. ராம் பட்டையைக் கழற்றி அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் அழிப்பானால் தேய்ப்பது வாடிக்கையான வைத்தியமானது.

படத்துக்கு வூடூ. 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் இந்த அட்டை 1996-இல் வந்தது. முப்பரிமாணத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாது. சாதாரணத் திரைக்குப் பழைய அட்டை இருந்தே ஆகவேண்டும். பழைய அட்டையிலிருந்து ஒரு குட்டை ஒயர் வெளியே வந்து, வளைந்து, வூடூவுக்குள் நுழையும், அங்கிருந்து திரைக்கு. பார்ப்பதற்கு அரைகுறை ரிப்பேர் மாதிரி இருந்தாலும் ஏழை வீட்டுக்கு அதுதான் வரம். சாதாரண பிசிஐ துளை இருந்தால் போதும், பழைய பெண்டியமும் ‘குவேக்’ ஓட்டும். எதையும் தூக்கி எறியவேண்டியதில்லை. அடுத்து வந்த ஏஜிபி துளை அந்த நிலைமையை மாற்றியது: துளை இல்லாத பலகைக்குப் புது அட்டை பொருந்தாது, புதுப் பலகைக்குப் பழைய ராம் பொருந்தாது. ஒன்றை மாற்றப் போய் மூன்றை மாற்றவேண்டிய கதை அங்கே தொடங்கியது.

அரசாங்கம் கணினியை வீட்டுக்குள் கொண்டுவரப் பெருமுயற்சி எடுத்த ஆண்டுகளும் அவைதான். ‘ஒரு வீடு, ஒரு கணினி’ முழக்கம். 2000-இல் ஊழியர் சேமநிதியிலிருந்து கணினி வாங்கப் பணம் எடுக்க அனுமதித்தார்கள். வாங்காத கணினிக்கு ரசீது காட்டும் முறைகேடுகள் பெருகியதால் மறு ஆண்டே நிறுத்தினார்கள். 2004-இல் ‘பிசி கெமிலாங்’ திட்டத்தில் 988 ரிங்கிட்டுக்குக் கணினி. பின்னாளில் கணினி வாங்கியவர்களுக்கு வரிக்குரிய வருமானத்தில் 3,000 ரிங்கிட் வரை கழிவு. வரிக் கழிவு வரி கட்டுகிறவருக்குத்தானே? பால்மரம் வெட்டியவருக்கும் பழக்குலை அறுத்தவருக்கும் அதனால் ஒரு சென் பயனில்லை.

மலிவுக் கணினியில் ஒரு மறைமுக விலையும் இருந்தது. அந்தக் காலத்து மலிவுப் பலகைகள் பலவற்றில் இண்டெல்லின் 845ஜிஎல், 845ஜிவி தொகுதிகள் இருந்தன. படம் காட்டும் வேலையைப் பலகையே செய்யும், அதற்கு ராமிலிருந்து கடன் வாங்கும். ஏஜிபி துளை மட்டும் இருக்காது. சில பலகைகளில் துளைக்கான கோடு அச்சாகியிருக்கும், ஈயம் வைத்த புள்ளிகள் தெரியும், துளை பொருத்தப்பட்டிருக்காது. வாங்கும்போது சில நூறு வெள்ளி மிச்சம். மேம்படுத்த நினைக்கும்போது பலகையே தடை. ‘இதுக்குப் போடுற காசுக்குப் புதுசே வாங்கலாம், அண்ணே’ என்று ரிப்பேர் கடைக்காரர் சொன்னால் அது வியாபாரப் பேச்சு மட்டுமல்ல, உண்மையும்கூட.

பிறகு மின்னல். கோலாலம்பூரைச் சுற்றிய சமவெளியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 நாள் இடி இடிக்கும். மின்னல் தொலைபேசிக் கம்பி வழியாக வந்து மோடத்தைத் தின்னும். சில வேளை மோடத்தோடு பலகையையும். சாயங்காலம் வானம் கறுத்தால் முதலில் சுவர் ஒயரைப் பிடுங்குவது, பிறகுதான் கொடியில் காயும் துணியை எடுப்பது. 1515 என்று எண் சுழற்றி டிஎம்நெட்டில் நுழைந்த காலத்தில் இணைய விளையாட்டு என்பதே கேலி. ஸ்ட்ரீமிக்ஸ் அகலப்பட்டை 2001-இல் வந்தாலும், தொலைபேசி நிலையத்திலிருந்து எட்டத்தில் இருந்த தோட்டப்புறங்களுக்கு அது பத்திரிகை விளம்பரமாகவே பல காலம் இருந்தது.

அதனால் சிசி. மலேசியாவில் இணைய மையத்தை யாரும் முழுப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. மணிக்கு இரண்டு மூன்று வெள்ளி. அட்டையை மாற்றும் செலவு முதலாளியுடையது, மின்னல் பயமும் அவருடையது. ‘கவுண்டர்-ஸ்ட்ரைக்’ ஆடிய பையன்களுக்கு வீட்டுக் கணினியை மேம்படுத்தும் கேள்வியே சில வருடம் எழவில்லை. தள்ளிப்போட்டது நல்லதாகவும் முடிந்தது. 2002-இல் வந்த ‘வார்கிராஃப்ட் 3’ கேட்டது 400 மெகாஹெர்ட்ஸ் சில்லும் 128 எம்பி ராமும். அதன்மேல் ரசிகர்கள் கட்டிய ‘டோட்டா’ தென்கிழக்காசியாவையே பிடித்துக்கொண்டபோது, ஒட்டுநாடா போட்ட 1998 செலரானும் முக்கி முனகி அதை ஓட்டியது. பத்தாண்டுக்குள் இரண்டு தலைமுறை சில்லு வந்துபோனதை அந்த ஆட்டத்தின் ரசிகர்கள் கண்டுகொள்ளவே இல்லை. ‘டோட்டா 2’ வந்த பிறகுதான் பழைய பெட்டிகள் கைவிட்டன. மலேசிய அணியான ஆரஞ்ச் 2013-இல் சியாட்டலில் நடந்த உலகப் போட்டியில் மூன்றாம் இடம் பிடித்த வேளையில், ‘ஒரு நல்ல அட்டை’ மறுபடி வீட்டுப் பேச்சானது.

அந்த இடைவெளியில் வீட்டுப் பெட்டிகள் பலவற்றைக் கொன்றது வயதல்ல, மின்தேக்கி. 1999 முதல் சுமார் 2007 வரை வந்த பலகைகள் பலவற்றில் தரக்குறைவான திரவம் அடைத்த மின்தேக்கிகள் இருந்தன. வெப்பம் அவற்றின் எமன். பெட்டியைத் திறந்தால், தட்டையாக இருக்கவேண்டிய தலைகள் புடைத்து, பழுப்புக் கசிவோடு நிற்கும். அப்படி ஒன்றைப் பார்த்தால் அட்டை வாங்கும் யோசனையை அங்கேயே விட்டுவிடலாம்.

2011-இல் லாத்தார் நெடுஞ்சாலை திறந்து கோலாலம்பூர் பக்கத்தில் வந்தது. யுஐடிஎம் பல்கலைக்கழக வளாகத்தின் மாணவர்கள் புஞ்சாக் ஆலாமை நிரப்பினார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் இன்னொரு வழியும் திறந்தது: அலுவலகங்கள் குத்தகை முடிந்து கழித்துவிடும் டெல், ஹெச்பி பெட்டிகள். நான்கு கரு கொண்ட 2011-ஆம் ஆண்டு ஐ5 சில்லு, சில நூறு வெள்ளிக்கு. அதற்குள் எந்த அட்டையைச் செருகுவது என்பதில்தான் சூட்சுமம். அலுவலகப் பெட்டியின் மின்வழங்கி ஒல்லி. அட்டைக்கென்று தனி மின்கம்பி இருக்காது. 2016 அக்டோபரில் 139 டாலருக்கு வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, துளையிலிருந்து கிடைக்கும் 75 வாட்டிலேயே வாழ்ந்தது. அன்றைய மாற்றுக்கு ஏறத்தாழ 580 ரிங்கிட். தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,000. பழைய பெட்டியை விளையாட்டுக்குத் தயார் செய்வதில் இதைவிட நியாயமான கணக்கு அந்தப் பத்தாண்டில் வேறு இல்லை.

நீடிக்கவில்லை. மின்காசு தோண்டுகிறவர்கள் 2017-இலும் 2021-இலும் அட்டைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். நடமாட்டக் கட்டுப்பாட்டால் 2020 மார்ச் 18 முதல் நாடே வீட்டில் அடைந்து, ஆளுக்கொரு கணினி தேவைப்பட்ட வேளையில் விலை தலைக்குமேல் போனது. 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற மின்காசு தோண்டும் முறையைக் கைவிட்டதும், ஓடி ஓடிச் சூடேறிய அட்டைகள் பழைய பொருள் சந்தையில் குவிந்தன. மலிவு, ஆனால் விசிறி எத்தனை நாள் ஓடியது என்று எவரும் சொல்லமாட்டார்.

இப்போதைய நெருக்கடியை மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11, இண்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கும் ரைசனில் 2000 வரிசைக்கும் கீழே இருப்பவற்றைப் பொதுவாக ஏற்பதில்லை. 2017-இல் பெருமையாக வாங்கிய ஐ7-7700 இன்றும் பெரும்பாலான ஆட்டங்களை ஓட்டுகிறது, ஆனால் பட்டியலில் இல்லை. அதன் குழிக்குள் எட்டாம் தலைமுறைச் சில்லு வடிவத்தில் பொருந்தும், வேலை செய்யாது; பலகையையும் மாற்றவேண்டும். புதிய வரிசைக்குத் தாவினால் டிடிஆர்5 ராமும் வேண்டும், அதன் விலையோ செயற்கை நுண்ணறிவு மையங்களின் பசியால் 2025 இறுதியில் கிடுகிடுவென்று ஏறிவிட்டது.

அதே 2017-இல் ஏஎம்டியின் முதல் தலைமுறை ரைசன் 1600-ஐ பி350 பலகையோடு வாங்கியவருக்குப் பாடு குறைவு. அந்தச் சில்லும் பட்டியலில் இல்லைதான். ஆனால் பலகைத் தயாரிப்பாளர் பயாஸைப் புதுப்பித்துத் தந்திருந்தால், அதே குழியில் 2022-இல் வந்த ரைசன் 5600 உட்கார்ந்துவிடும். விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும். பழைய டிடிஆர்4 ராமும் பெட்டியும் மின்வழங்கியும் அப்படியே இருக்கலாம். பயாஸை மட்டும் பழைய சில்லு உள்ளே இருக்கும்போதே புதுப்பித்துவிடவேண்டும். புதுச் சில்லைப் போட்ட பிறகு என்றால் திரையில் எதுவும் வராது.