செட்: ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருள்கள்

செட் என்பது மூன்றெழுத்து ஆங்கிலச் சொல். 1989இல் 20 தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு இதற்குரியது: 430 பொருள்கள், ஏறத்தாழ 60,000 சொற்களில் விளக்கம். ஆங்கிலத்திலேயே மிகுதியான பொருளுடைய சொல் என்ற பெயர் இதனால் வந்தது. ஆனால் அந்த எண், சொல்லின் வளத்தைவிட அகராதிக்காரர்கள் பொருளைப் பகுத்த நுணுக்கத்தையே கூடுதலாகக் காட்டுகிறது. 2011இல் ‘ரன்’ பதிவைத் திருத்தியபோது வினைக்கு மட்டும் 645 பொருள் கண்டார்கள், முதலிடம் அதற்குப் போனது. கணினி நிரல் ஓடுவது போன்ற புதியவை சில உண்டுதான். அதற்காக ஆங்கிலேயர் அந்த 22 ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான புது வகைகளில் ஓடக் கற்றுக்கொண்டார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

செட் என்ற வினை, ‘உட்கார்’ என்று பொருள்படும் பழைய ஆங்கில வினையின் பிறவினை. உட்கார வைத்தல் என்பதே அதன் கரு. மேசையில் தட்டு வைப்பது, முறிந்த எலும்பைப் பொருத்துவது, விலை நிர்ணயிப்பது, ஜெல்லி உறைவது, சூரியன் அடைவது எல்லாம் நிலைகொள்ளுதல் அல்லது நிலைகொள்ளச் செய்தல் என்ற அந்த ஒரே கருவின் கிளைகள். ‘தொகுதி’ என்ற பெயர்ச்சொல் பொருளிலோ, பழைய பிரெஞ்சு வழியாக வந்த ‘செக்டா’ என்ற லத்தீன் சொல்லும் கலந்திருக்கிறது. டீ செட்டும் கணிதத்தின் கணமும் இந்தப் பக்கத்தைச் சேர்ந்தவை. ஆக, ஒரே எழுத்துக்கூட்டுக்குள் இரண்டு மரபுகள். செட் அப், செட் ஆஃப் போன்ற கூட்டுவினைகளையும் சேர்த்தால் பதிவு நீளாமல் என்ன செய்யும்?

பொருளைத் துணைச்சொல்லும் சூழலுமே தருகின்றன என்றால் செட் வெறும் கூடுதானா என்று கேட்கலாம். இல்லை. ‘புட்’ என்பதற்கும் வைத்தல் என்றே பொருள். ஆனால் ஜெல்லி உறைவதை அந்தச் சொல்லால் சொல்ல முடியாது. கரு இருக்கிறது, அதன் எல்லையும் இருக்கிறது. எல்லாச் சொற்களும் ஏன் இப்படிக் கிளைக்கவில்லை என்றால், புழக்கமே காரணம். அதிகம் வழங்கும் சொற்களுக்கே பொருளும் அதிகம் என்பதை அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் ஜிஃப் 1945இல் எடுத்துக்காட்டினார். நம் எடு, விடு, பிடி ஆகியவையும் அப்படித்தான்.

தமிழுக்குள் செட் பெரும்பாலும் பெயர்ச்சொல்லாகவே வந்தது: சினிமா செட், நகை செட், செட் தோசை. வினையாக்க ‘ஆகு’ தேவைப்பட்டது. ‘அவனுக்கு இந்த வேலை செட் ஆகாது’ என்னும்போது வரும் ஒத்துவருதல் என்ற பொருளில் இன்றைய பொது ஆங்கிலம் இச்சொல்லை வழங்குவதில்லை.