வளையச் சுற்று

வளையச் சுற்று என்பது ஐக்கிய இராச்சிய வீடுகளில் சாக்கெட்டுகளுக்கு மின்சாரம் வழங்கும் கம்பியமைப்பு முறை ஆகும். அங்கு முன்பு 2, 5, 15 ஆம்பியர் பிளக்குகள் ஒன்றின் சாக்கெட்டில் மற்றொன்று பொருந்தாதவையாக இருந்தன. 1942 இல் அமைக்கப்பட்ட குழு, போர்க்காலச் செப்புத் தட்டுப்பாட்டையும் கருதி, உருகிப் பெட்டியில் தொடங்கி அங்கேயே திரும்பும் கம்பியைப் பரிந்துரைத்தது. சுமை இருவழியாகப் பிரிவதால் மெல்லிய கம்பியே 30 ஆம்பியர் உருகிக்குப் போதும்.

ஆனால் அவ்வளவு பெரிய உருகி ஒரு மேசை விளக்கின் கம்பியைக் காக்காது. எனவே 1947 இல் வெளியான பிஎஸ் 1363 தரநிலை பிளக்கிற்குள்ளேயே உருகியை வைத்தது. குழந்தைகள் எதையும் நுழைக்காதபடி சாக்கெட்டில் மூடுதகடும் வந்தது. குழுவின் ஒரே பெண் உறுப்பினர் கரோலின் ஆசுலெட்.

இம்முறையின் பெருங்குறை, வளையம் அறுந்தாலும் கருவிகள் வழக்கம்போல் இயங்குவதே. அப்போது ஒரு பக்கக் கம்பியே முழுச் சுமையையும் தாங்கிச் சூடேறும், உருகியோ எரியாது.