கார்டிசாலை அளந்து மனநோயைக் கண்டுபிடிக்க முடியுமா? ஒரு 80 வருடக் கதை

1) "உங்க ஸ்ட்ரெஸ் லெவல் இதுதான்" என்று கார்டிசால் அளவைச் சொல்லும் பரிசோதனை பேக்கேஜ்கள் இப்போ நிறைய வந்துவிட்டன. "ரிப்போர்ட் நார்மல்னு வந்திருக்கு, அப்போ மனநோய் மாத்திரையை நிறுத்திடலாமா டாக்டர்?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

ஒரு ரத்தப் பரிசோதனையில் மனநோயைப் பிடித்துவிடலாம் என்ற ஆசை மருத்துவ உலகத்துக்கும் இருந்தது. அது என்ன ஆச்சுன்னு பார்ப்போம்.

2) சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருப்பது அட்ரினல் சுரப்பி. கார்டிசால் அங்கேதான் சுரக்கிறது. காலையில் அதிகம், நள்ளிரவில் மிகக் குறைவு. உடம்புக்கோ மனசுக்கோ நெருக்கடி வந்தால் ஏறும்.

3) 1932. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் சின்னக் கட்டி வந்தவர்களைப் பற்றி ஹார்வி குஷிங் எழுதினார். கார்டிசால் அளவுக்கு மீறிப்போகும் இந்த நோயில் முகம் வீங்கும், சர்க்கரை ஏறும். பலருக்கு டிப்ரஷனும் வரும்.

4) 1948. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் குழு, முடக்குவாத நோயாளிக்கு கார்டிசோன் ஊசி போட்டது. படுத்த படுக்கையாக இருந்தவர் எழுந்து நடந்தார்! 1950-ல் நோபல் பரிசு.

ஆனா கார்டிசோன் பரவலானதும் இன்னொன்று தெரிந்தது. சிலர் காரணமில்லாமல் உற்சாகத்தில் மிதந்தார்கள், தூங்கவே இல்லை. சிலருக்குக் காதில் குரல் கேட்டது. ஆக, இந்த ஹார்மோனால் மனதைப் புரட்டிப்போட முடியும்.

5) அதே காலத்தில் மாசசூசெட்ஸில் கிரிகரி பின்கஸும் (பின்னாளில் கருத்தடை மாத்திரையை உருவாக்கியவர்களில் ஒருவர்) ஹட்சன் ஹோக்லாண்டும் மனச்சிதைவு நோயாளிகளை ஆராய்ந்தார்கள். நெருக்கடி கொடுத்தால் அவர்களின் அட்ரினல் சுரப்பி மற்றவர்களை விடக் *குறைவாகவே* பதில் சொன்னது.

"மனநோய்னா ஸ்ட்ரெஸ் ஹார்மோன் எகிறும்" என்ற எளிய கணக்கு அப்போதே இடித்தது.

6) 1968. மெல்பர்னில் பெர்னார்ட் கேரல். டெக்சாமெத்தசோன் கொடுத்தால், "போதும், ஸ்டீராய்டு இருக்கு" என்று மூளை கார்டிசால் உற்பத்தியை நிறுத்தும். தீவிர டிப்ரஷன் உள்ள பலரிடம் அது நிற்கவில்லை. பிரேக் பிடிக்காத வண்டி மாதிரி!

7) 1981. மிச்சிகனிலிருந்து கேரல் குழுவின் பெரிய கட்டுரை. இரவில் 1 மில்லிகிராம் மாத்திரை, மறுநாள் ரத்தப் பரிசோதனை. மெலங்கோலியா என்ற தீவிர வகை டிப்ரஷனில் மூன்றில் இரண்டு பேரை அது காட்டிக்கொடுத்தது. மனநல மருத்துவத்துக்கும் ஒரு லேப் டெஸ்ட் வந்தாச்சு என்று கொண்டாடினார்கள். ஆஸ்பத்திரிகள் அள்ளிக்கொண்டன.

8) அப்புறம்தான் சிக்கல். மறதி நோய், குடியை நிறுத்திய நேரம், உடல் எடை சட்டென்று குறைவது, சில வலிப்பு மாத்திரைகள் என எல்லாவற்றிலும் இந்த டெஸ்ட் பாசிட்டிவ். நிஜமாகவே டிப்ரஷன் உள்ள பலருக்கு நெகட்டிவ். பத்தே வருடத்தில் வழக்கமான பயன்பாட்டிலிருந்து காணாமல் போனது.

9) கார்டிசாலைத் தடுத்தே குணப்படுத்தலாமே என்றும் முயன்றார்கள். கருக்கலைப்புக்குப் பயன்படும் மிஃபெப்ரிஸ்டோனை, மாயக்குரல்களோடு வரும் டிப்ரஷனுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரிய ஆய்வுகளில் எதிர்பார்த்த பலன் இல்லை. 2012-ல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. எதற்கு தெரியுமா? குஷிங் நோயில் ஏறும் சர்க்கரைக்கு!

10) அப்போ எல்லாமே வீணா? இல்லீங்க. தீவிர மனநோயில் உடம்பும் சேர்ந்தே பாதிக்கப்படுகிறது என்று நிரூபித்தது இந்த ஆராய்ச்சிகள்தான். "எல்லாம் மனசுல நினைச்சுக்கிறது" என்று நோயாளியைத் திட்டுபவர்களுக்கு இதுவே பதில்.

ஆனால் கூட்டத்தின் சராசரியில் தெரியும் வித்தியாசம், ஒரு தனி மனிதரின் ரிப்போர்ட்டில் தெரியாது. ரத்தம் எடுத்த நேரம், முந்தைய நாள் தூக்கம், சாப்பிடும் மாத்திரை என எல்லாமே அந்த எண்ணை மாற்றும்.

11) தமிழில் ஸ்ட்ரெஸ்ஸுக்கும் டிப்ரஷனுக்கும் "மன அழுத்தம்" என்று ஒரே பெயர் வைத்திருக்கிறோம். பாதிக் குழப்பம் அங்கேதான். கார்டிசால் நார்மல் என்றால் மனநோய் இல்லை என்று அர்த்தமில்லை. அதிகம் என்றால் மனநோய் என்றும் அர்த்தமில்லை.

குஷிங் நோய் இருக்குமோ என்று மருத்துவர் சந்தேகித்தால் இந்த டெஸ்ட் அவசியம். மற்றபடி, ரிப்போர்ட்டைப் பார்த்து நீங்களாக மனநோய் மாத்திரையை நிறுத்தாதீர்கள். நோய் திரும்பி வந்தால், முன்பை விட அதைக் கட்டுப்படுத்துவது கஷ்டமாகலாம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்க.