மாத்திரையைத் தின்னும் இரும்பு

காமர்ஸ் படிக்கிறவனுக்கு ஈரலில் என்ன வேலை என்று வகுப்பு நண்பர்கள் கேட்கலாம். டிபி மாத்திரை சாப்பிடும் பெண்கள் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய வரலாறு இது. அதனால்தான் எழுதுகிறேன்.

1958இல் விலங்குகளின் ஈரலில் ஒரு நிறப்பொருளைக் கண்டார்கள். கார்பன் மோனாக்சைடு கலந்தால் அது 450 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சியது. என்ன வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. 1962இல் ஜப்பானின் ஒமுரா, சாட்டோ இருவரும் அதற்கு 'பி-450' என்று பெயர் வைத்தார்கள். பின்னர்தான் வேலை புரிந்தது. இது ஒரு என்சைம் குடும்பம். நடுவில் ஓர் இரும்பு அணு. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனை அந்த இரும்பு பிடித்து, ஹார்மோன் மேல் ஏற்றுகிறது. அதோடு ஹார்மோனின் ஆட்டம் அடங்கத் தொடங்கும். கடைசியில் பித்தம், சிறுநீர் வழியே வெளியேறிவிடும்.

இந்த ஆராய்ச்சியில் நம்மவர் பங்கும் உண்டு. சென்னையில் பிறந்த ஜி. பத்மநாபன், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பி-450 பற்றி ஆராய்ந்தார். இரும்பைத் தாங்கி நிற்கும் 'ஹீம்' குறைந்தால், என்சைமை உண்டாக்கும் மரபணுவும் மந்தமாகிறது என்று எலி ஈரலில் காட்டியது அவர் குழு.

இனி டிபிக்கு வருவோம். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், 1970களில் ரிஃபாம்பிசின் சேர்ந்த குறுகிய கால சிகிச்சைகளைச் சோதித்தது. சிறுநீரைச் சிவப்பாக்குமே, அதே மருந்துதான். எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது. ஆனால் அது ஈரலில் பி-450ஐப் பல மடங்கு பெருக்கிவிடும். கருத்தடை மாத்திரையில் இருப்பதும் ஹார்மோன்தானே? வேலை செய்வதற்குள் இரும்பு அதைத் தின்றுவிடும். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் கரு உண்டாகலாம். இது 1971லேயே மருத்துவ இதழில் வந்துவிட்டது. அது எப்படி நடக்கிறது, ஈரலில் எந்தப் புரதம் அந்த என்சைமை முடுக்கிவிடுகிறது என்பது தெரிய 1998 வரை ஆனது.

அதற்காக டிபி மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மாற்ற வேண்டியது கருத்தடை முறையைத்தான். சிகிச்சை முடிந்த பிறகும் ஒரு மாதமாவது கவனம் தேவை. ஆணுறை இருக்கிறது, காப்பர்-டி இருக்கிறது. காப்பர்-டியில் ஹார்மோனே கிடையாது, தின்ன ஒன்றுமில்லை. இரும்பு கைவிட்ட இடத்தில் செம்பு கைகொடுக்கிறது!

தெரிந்தவர் யாராவது டிபி மாத்திரை சாப்பிட்டால், கூச்சப்படாமல் டாக்டரிடம் இதைக் கேட்கச் சொல்லுங்கள்.