பணியிடத்தில் நரம்பியல் வேறுபாடு உடையோர்: பணியாளரும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு, டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகள் ஆகியவை மூளை வளர்ச்சியில் இளமையிலிருந்தே அமையும் வேறுபாடுகளாகும். இவற்றை ஒருசேர நரம்பியல் வேறுபாடுகள் என்கிறோம். இவை வளர்ப்பு முறையால் ஏற்படுபவை அல்ல. பள்ளிப் பருவத்தோடு முடிந்துவிடுபவையும் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2021-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 127 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உடையவராக இருந்தார். பட்டம் பெற்று, நேர்முகத் தேர்வில் தேறி, வேலையில் சேர்ந்த பின்னரே தம் நிலையை அறிந்துகொள்வோரும் உண்டு. அத்தகையோருக்கும் அவர்களுடைய குடும்பத்தினருக்கும் உரியது இப்பக்கம்.

இடர்ப்பாடு எங்கே எழுகிறது?

பெரும்பாலும் வேலையின் உள்ளடக்கத்தில் அன்று. வேலை நடைபெறும் முறையில். அசோக் நகரில் வசித்து, தரமணியில் உள்ள கணினி நிறுவனம் ஒன்றில் பணியாற்றும் ஆட்டிசம் உடைய ஒருவரை எண்ணிப் பாருங்கள். காலை நெரிசலையும் ஒலிப்பான் ஓசையையும் கடந்து அலுவலகம் சேரும்போதே அவர் பாதி களைத்துவிடுகிறார். தடுப்பற்ற பெரிய கூடத்தில் பலர் நடுவே இருக்கை. மேலாளர் நடந்தபடியே “அதைக் கொஞ்சம் சீக்கிரம் பாருங்கள்” என்று சொல்லிச் செல்கிறார். எதை, எப்போதைக்குள் என்பது பிறருக்குக் குறிப்பால் விளங்கக்கூடும், இவருக்கு விளங்குவதில்லை. திரும்பக் கேட்டால் புரியாதவர் என்ற பெயர். கேட்காவிட்டால் வேலை தாமதம்.

ஏ.டி.எச்.டி. உடையவருக்கு வேலையைத் தொடங்குவதும், பலவற்றுள் எது முதலாவது என்று முடிவு செய்வதும் கடினம். டிஸ்லெக்சியா உடையவர் நீண்ட மின்னஞ்சலை மும்முறை படிக்க நேரிடலாம். இதைப் பிறர் சோம்பல், அலட்சியம், திமிர் என்று எண்ணிக்கொள்கின்றனர். மற்றவர்களைப் போலவே தோன்ற நாள் முழுவதும் முயல்வது பெரும் சுமையாகும். உறக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு ஆகியவை இதனைத் தொடர்ந்து வரலாம். தலைவலிக்கும் தூக்கமின்மைக்கும் மருந்து கேட்டு வருவோரிடம் பணிச்சூழலைப் பற்றியும் மருத்துவர் விசாரிப்பது நன்று. விசாரிக்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

என்ன மாற்றங்களைக் கேட்கலாம்?

இவற்றுள் பல செலவற்றவை. வாய்மொழி ஆணைகளை எழுத்தில் தருதல், ஒவ்வொரு பணிக்கும் முடிக்க வேண்டிய நாளைக் குறித்தல், வழி நடமாட்டம் குறைந்த மூலையில் இருக்கை, ஓசை குறைக்கும் காதணிக்கு அனுமதி, கூட்டத்திற்கு முன்னரே பேசுபொருள் பட்டியல், எழுத்தை ஒலியாகவும் ஒலியை எழுத்தாகவும் மாற்றும் மென்பொருள், நெரிசலைத் தவிர்க்க ஒரு மணி நேரம் முன்போ பின்போ பணி தொடங்குதல் ஆகியன சில. எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்க வேண்டாம். மிகவும் வருத்தும் இரண்டை அல்லது மூன்றைத் தேர்ந்து, எழுத்தில் கேளுங்கள். மின்னஞ்சல் இவ்வாறு அமையலாம்:

“எனக்குத் தரப்படும் பணிகளை முடிவு நாளுடன் எழுத்தில் பெற்றால் பிழையின்றி முடிக்க இயலும். சன்னலோர இருக்கைக்கு மாற்றித் தந்தால் கவனம் சிதறாது. இவ்விரண்டையும் ஒரு மாத காலம் செயல்படுத்திப் பார்க்க வேண்டுகிறேன்.”

இக்கடிதத்தில் நோயறிதலின் பெயர் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதனை வெளிப்படுத்துவதா, யாரிடம், எப்போது என்பது முற்றிலும் உங்கள் முடிவு. மனிதவளப் பிரிவு சான்று கேட்டால், பணியில் தேவைப்படும் வசதிகளை மட்டும் குறிப்பிட்டுக் கடிதம் தருமாறு மருத்துவரிடம் கோரலாம். ஆனால் சட்டப் பாதுகாப்பை முறைப்படி கோரும்போது நோயறிதலைக் குறைந்தபட்சம் ஓர் அலுவலரிடமேனும் தெரிவிக்க நேரிடும்.

பலர் இக்கடிதத்தை எழுதாமல் பணிவிலகல் கடிதத்தையே முதலில் எழுதிவிடுகின்றனர். விலகுவது சில நேரங்களில் சரியான முடிவாகவும் இருக்கலாம். எனினும் உறக்கமின்றிக் கழிந்த ஒரு வாரத்தின் இறுதியில் எடுக்க வேண்டிய முடிவு அன்று.

மருந்தைப் பற்றி ஒரு சொல். ஏ.டி.எச்.டி.க்கு மனநல மருத்துவரின் கண்காணிப்பில் தரப்படும் பயனுள்ள மருந்துகள் உள்ளன. ஆட்டிசத்தைக் ‘குணப்படுத்தும்’ மருந்து எதுவும் இல்லை. அவ்வாறு விளம்பரம் செய்வோரிடம் பணத்தை இழக்க வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 அங்கீகரிக்கும் 21 வகைகளுள் ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளும் அடங்கும். ஏ.டி.எச்.டி. தனிப்பெயராக அப்பட்டியலில் இல்லை; அதனுடன் கற்றல் குறைபாடும் இருப்பின் அவ்வகையில் மதிப்பீடு கோரலாம். அரசுப் பணிகளில் 4 சதவீத இடஒதுக்கீட்டுக்கு 40 சதவீதக் குறைபாட்டுச் சான்று தேவை. ‘நியாயமான வசதி’ எனச் சட்டம் கூறும் பணியிட மாற்றங்களுக்கு அந்த அளவு கட்டாயமன்று. எழுதும்போது கைத்தசை இறுகும் பாதிப்புடைய ஒருவருக்கு, 40 சதவீதம் இல்லை என்ற காரணத்தால் குடிமைப் பணித் தேர்வில் எழுதுநர் உதவி மறுக்கப்பட்டது. விகாஸ் குமார் வழக்கு எனப்படும் அவ்வழக்கில், அந்த மறுப்பு தவறு என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 11 அன்று தீர்ப்பளித்தது. அது தேர்வு பற்றிய வழக்கே. ஆயினும் நியாயமான வசதியைப் பற்றி அது கூறியவை உங்கள் கோரிக்கைக்கும் துணை நிற்கும்.

நிறுவனத்தின் மீது அளவுக்கு மீறிய சுமை விழும் மாற்றத்தைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. இருக்கை மாற்றம் அத்தகைய சுமையன்று. 20 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட தனியார் நிறுவனங்களும் தம் சமவாய்ப்புக் கொள்கையில் இவ்வசதிகளை விவரிக்கவும், இதற்கென ஒரு தொடர்பு அலுவலரை நியமிக்கவும் வேண்டும். அக்கொள்கையின் படியைக் கேட்டுப் பெறுங்கள். அரசு அலுவலகமாயின் குறைதீர்க்கும் அலுவலர் இருப்பார். அங்கும் தீர்வு கிட்டாவிடில் மாநில ஆணையரை அணுகலாம்.

ஜெர்மனியின் எஸ்.ஏ.பி. நிறுவனம் ஆட்டிசம் உடையோரைப் பணியமர்த்தும் திட்டத்தை 2013-இல் அறிவித்தது. அதன் தொடக்க முயற்சிகளுள் பெங்களூரு கிளையும் ஒன்று. அங்கு மென்பொருள் சோதனைப் பணி தரப்பட்டதால், ஆட்டிசம் உடைய அனைவரும் கணினி மேதைகள் என்ற கருத்து பரவியது. அது சரியன்று. கணக்கர், நூலகர், சமையற்கலைஞர் என எப்பணியிலும் அவர்கள் இருக்கலாம். மேதையாக இருந்தால்தான் வசதி உண்டு என்பதும் இல்லை.

குடும்பத்தினர் கவனத்திற்கு

உங்கள் மகனுக்கோ மகளுக்கோ பரிந்து பேச நேரே மேலாளரைச் சந்திக்க வேண்டாம். வேலைக்குச் செல்லும் வயதுவந்தவரின் ஒப்புதலின்றி அவரது உடல்நிலையை வெளியிடுவது, நல்லெண்ணத்தால் ஆயினும், அவருடைய உரிமையில் தலையிடுவதாகும். மின்னஞ்சலைச் சேர்ந்து எழுதுங்கள். வீடு திரும்பியதும் ஒரு மணி நேரம் கேள்வியின்றி அமைதியாக இருக்க விடுங்கள். உறவினர் வீட்டு விழாக்களை வார இறுதிதோறும் அடுக்க வேண்டாம். அந்த ஓய்வில்தான் அவர் திங்கட்கிழமைக்குத் தயாராகிறார்.

உணவைத் தவிர்த்தல், பேச்சு குறைதல், தொடர்ந்து வேலைக்குச் செல்ல இயலாமை ஆகியவை இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை அணுகவும். வாழ விருப்பமில்லை என்று சொன்னால், தனியே விடாமல் அன்றே அழைத்து வரவும்.

எங்கே அணுகலாம்?

அசோக் நகர்ப் பகுதியினர், ஈ.எஸ்.ஐ. காப்பீடு உடையவராயின், அருகிலுள்ள கே.கே. நகர் ஈ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். இக்காப்பீட்டின் மாத ஊதிய வரம்பு 21,000 ரூபாய். மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 ரூபாய். மற்றவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவையோ, கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையையோ அணுகலாம். முட்டுக்காட்டில் உள்ள பல்குறை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தில் மறுவாழ்வுச் சேவைகள் கிடைக்கும். முதல் சந்திப்புக்குப் பள்ளி மதிப்பெண் அட்டைகளையும், உங்கள் சிறுவயதை நன்கு அறிந்த ஒருவரையும் உடன் கொண்டுவருவது நோயறிதலுக்கு மிகவும் உதவும். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.