நூற்கட்டுத் தோல்

நூற்கட்டுத் தோல்: அச்சிட்ட நூலின் முதுகுக்கும் அட்டைக்கும் போர்த்தப்படும் பதனிட்ட தோல். வெள்ளாடு, செம்மறி, கன்று ஆகியவற்றின் தோல்கள் இதற்குப் பயன்படும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தென்னிந்தியத் தோல் 19ஆம் நூற்றாண்டில் ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பெயரில் லண்டன் சந்தைக்குச் சென்று, மலிவான பைண்டிங்குக்குப் பெருமளவில் செலவானது. பழைய வட ஆர்க்காடு மாவட்டத்து ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகியவை தோல் பதனிடுதலில் பெயர்பெற்ற ஊர்கள்.

அச்சும் கட்டும்

ஓலைச்சுவடிக்குத் தோல் தேவைப்படவில்லை. துளையில் கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டினால் போதும். காகித அச்சோடுதான் தையலும் அட்டையும் வந்தன. தமிழெழுத்தில் அச்சாகி இன்று கிடைக்கும் நூல்களில் மூத்ததான ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715இல் அச்சாகி முடிந்தது. 1835இல் அச்சகக் கட்டுப்பாடு தளர்ந்தபின் இந்தியர் நடத்திய அச்சகங்கள் பெருகின.

அச்சான தாளை மடித்தால் ஒரு பாரம். பாரங்களை வரிசையாக அடுக்கித் தைத்து, முதுகில் பசை தடவி அட்டை கட்டுவது பைண்டரின் வேலை. சாதாரண நூலுக்குக் காலிகோ துணி போதும். சட்டத் தொகுப்பு, பேரேடு போல அடிக்கடி புரட்டப்படுபவற்றுக்கு முதுகிலும் மூலைகளிலும் தோல் வைப்பார்கள். பட்டையில் பதனிட்ட தோலை ஈரமாக்கிச் சூடான பித்தளை அச்சை அழுத்தினால் கோடும் எழுத்தும் பதிந்து நிற்கும். குரோமிய உப்பில் பதனிட்ட தோலில் அப்படி எளிதில் பதியாது.

பதனிடும் முறை

தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து மயிர் நீக்கி, உட்புறச் சதையையும் கொழுப்பையும் வழித்தெடுத்துக் கழுவுவார்கள். பிறகு ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறும். கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் தோய்த்து, எண்ணெய் தடவி உலர்த்துவார்கள். வறண்ட நிலத்தில் தானாகவே வளரும் ஆவாரை தாராளமாகக் கிடைத்ததே இத்தொழில் இங்கு வேரூன்றியதற்கு ஒரு முக்கியக் காரணம். 20ஆம் நூற்றாண்டில் அதன் இடத்தை வாட்டில் பட்டை பெரிதும் பிடித்துக்கொண்டது.

1901 அறிக்கை

நூலகங்களில் தோல் கட்டுகள் விரைவில் உதிர்வதை ஆராய லண்டன் கலைச் சங்கம் ஒரு குழுவை அமைத்தது. 1901இல் வெளியான அதன் அறிக்கை, கிழக்கிந்தியத் தோல் வேறு பல வேலைகளுக்கு ஏற்றது என்றாலும் நூற்கட்டுக்கு மிக மோசமானது என்றது. ஓராண்டுக்குள்ளேயே சிதைவு தென்படும். வெயிலோ எரிவாயு விளக்கின் வெளிச்சமோ படும் அலமாரியில் ஐந்தாறு ஆண்டுகளுக்கு மேல் தாங்காது என்பது குழுவின் முடிவு.

குறை தொழிலாளியின் கைத்திறனில் இல்லை, பட்டையின் வேதியியலில் இருந்தது. ஆவாரம்பட்டையின் டானின் கேட்டகால் வகை. விளக்கும் நிலக்கரியும் எரிந்து காற்றில் கலக்கும் கந்தக வாயு, தோலில் படிந்து அமிலமாகும்போது இவ்வகைத் தோல் எளிதில் சிதையும். ‘சுமாக்’ என்ற செடியின் இலையில் பதனிட்ட தோல் இதைவிட நன்றாகத் தாங்கும். பழைய சட்டப் புத்தகத்தின் முதுகைத் தடவினால் விரலில் செங்கல் நிறத் தூள் ஒட்டுவது இந்தச் சிதைவின் அடையாளம்.

பிற்கால மாற்றம்

முதல் உலகப் போரில் கிழக்கிந்தியத் தோல் பிரிட்டிஷ் படையின் காலணிகளுக்குப் போனது. பொறியாளர் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் தொடங்கிய குரோமியப் பதனிடல் சோதனைகளும், 1912இல் உருவான குரோம் தோல் நிறுவனமும் தொழிலின் திசையை மாற்றின. அந்நிறுவனம் இருந்த இடமே குரோம்பேட்டை. 1948இல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்ததும், ஆம்பூர் வட்டாரம் முழுப்பதனிட்ட குரோமியத் தோலுக்கும் காலணிக்கும் திரும்பியது. தோல் ஆலைக் கழிவால் நேர்ந்த பாலாற்று மாசு குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. பட்டையில் பதனிடும் பழைய முறை இப்போது திருச்சி, திண்டுக்கல், ஈரோடு பகுதிகளில்தான் அதிகம்; கிழக்கிந்தியத் தோல் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது.

காணத் தக்க இடங்கள்

தரங்கம்பாடியில் சீகன்பால்கு வாழ்ந்த வீடு 2017 முதல் அருங்காட்சியகமாக உள்ளது. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகத்தில் சுவடிகளையும் பழைய நூல்களையும் அருகருகே காணலாம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் (1994) பழந்தமிழ் அச்சு நூல்களைப் பாதுகாக்கிறது.

வீட்டில் தோல் கட்டு நூல் இருந்தால் அதற்கு எண்ணெய் தடவ வேண்டாம். சிதைவு அதனால் நிற்காது; எண்ணெய் தாளில் ஊறிக் கறையாகும். வெயில் படாத உலர்ந்த இடத்தில், அமிலமற்ற தாளில் சுற்றி வைப்பதே சரியான பாதுகாப்பு.