இளங்காட்டின் பறவை: கிர்ட்லண்ட் கதிர்க்குருவியும் வாழிடப் பாதுகாப்பும்

வட அமெரிக்காவில் 1970க்குப் பின் ஏறத்தாழ 290 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வு கணித்தது. குறைந்தவற்றில் வலசை போகும் காட்டுப் பாடும் பறவைகள் மிகப் பல. காட்டைக் காத்தால் பறவை பிழைக்கும் என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வு. அது போதாது என்பதே என் வாதம். எந்தக் காடு, எந்த வயதுக் காடு என்று கேட்காமல் வகுக்கும் பாதுகாப்பு, காக்க நினைத்த பறவையையே வெளியேற்றிவிடக்கூடும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அப்படித்தான் நடந்தது.

அம்மாநிலத்தின் வடபகுதி மணற்பாங்கான நிலம். அங்கே ஜாக் பைன் மரம் செழிக்கிறது. கிர்ட்லண்ட் கதிர்க்குருவி பெரும்பாலும் இந்தக் காடுகளில்தான் இனம் பெருக்குகிறது. அதுவும் ஏறத்தாழ 5 முதல் 20 ஆண்டு வயதுள்ள மரங்கள் அடர்ந்த இடங்களில் மட்டும். கூடு தரையில் அமைகிறது. தாழ்ந்து படரும் கிளைகளே அதற்கு மறைவு. மரம் உயர்ந்து அடிக்கிளைகள் பட்டுப்போனதும் பறவை அவ்விடத்தை விட்டுவிடுகிறது. ஜாக் பைனின் கூம்புகளோ பிசினால் இறுகியவை. பெரும்பாலும் தீயின் வெப்பத்தில்தான் திறந்து விதை சிந்தும். இருபதாம் நூற்றாண்டில் தீயணைப்பு திறம்பட நடந்தது. காடு எரியாமல் நின்றது, முதிர்ந்தது. 1951 கணக்கெடுப்பில் 432ஆக இருந்த பாடும் ஆண் பறவைகள் 1971இல் 201ஆகக் குறைந்தன.

அன்றைய ஆய்வாளர்களின் கவனம் கௌபேர்டின் மேல் சென்றது. குயிலைப் போலவே பிற பறவைகளின் கூட்டில் முட்டையிடுவது அது. காடழித்து வயலாக்கிய நிலங்களின் வழியே பரவிவந்து, 1970களின் தொடக்கத்தில் கதிர்க்குருவிக் கூடுகளில் பெரும்பாலானவற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1972 முதல் அதைப் பொறிவைத்து அகற்றினார்கள். பலன் உடனே தெரிந்தது: அந்நிய முட்டைகள் அருகின, கூட்டைவிட்டுப் பறந்த குஞ்சுகள் மிகுந்தன. ஆயினும் 1974இல் ஆண் பறவைகள் 167. 1987இலும் அதே 167. வீழ்ச்சி நின்றது, ஏற்றம் வரவில்லை. பிறந்த குஞ்சுகள் வளர்ந்து கூடுகட்ட இளங்காடு இல்லை என்பதைத் தவிர இதற்குப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தென்படவில்லை.

அடுத்து நடந்தது இதை உறுதிசெய்கிறது. 1980 மே 5 அன்று, இப்பறவைக்கு வாழிடம் உருவாக்கவென்றே வனத்துறை வைத்த கட்டுப்பாட்டுத் தீ கைமீறிப் பரவி, மேக் லேக் பகுதியில் ஏறத்தாழ 24,000 ஏக்கரை எரித்தது. தீயணைப்பில் ஈடுபட்ட ஒருவர் உயிரிழந்தார், வீடுகள் சாம்பலாயின. அந்த இழப்பை எந்தப் பறவைக் கணக்காலும் ஈடுசெய்ய முடியாது. ஆனால் எரிந்த நிலத்தில் முளைத்த மரங்கள் உரிய வயதை எட்டிய 1980களின் இறுதியிலிருந்துதான் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. 2001இல் ஆயிரத்தைத் தாண்டியது.

தீயைக் கட்டவிழ்த்துவிட முடியாத நிலப்பகுதியில், முதிர்ந்த மரங்களை வெட்டி விற்று, இடையிடையே வெற்றிடம் விட்டு நாற்று நடுவதே இன்றைய முறை. இப்படி நட்ட தோப்பு காடாகாது, தீக்குப் பின் நிற்கும் கருகிய பட்டமரங்களை நாடும் உயிர்களுக்கு இதில் இடமில்லை என்பது ஒரு மறுப்பு. அதில் உண்மை உண்டு. வெட்டும் இடங்களில் பட்டமரங்களை விட்டுவைப்பதும், ஆபத்தில்லாத இடங்களில் தீயை அனுமதிப்பதும் தேவை. ஆனால் இம்மறுப்பு நடவைத் திருத்தச் சொல்கிறதே ஒழிய, நிறுத்தச் சொல்லவில்லை.

மிச்சிகனின் முறையை எங்கும் பரப்பவும் கூடாது. உட் திரஷ் என்ற பாடும் பறவைக்கு முதிர்ந்த, தொடர்ச்சியான காடு வேண்டும். காடு துண்டுபட்ட அமெரிக்க மத்திய மேற்குப் பகுதிகளில் கௌபேர்டும் கொன்றுண்ணிகளும் அதன் கூடுகளை அழிப்பதை 1995இல் ஓர் ஆய்வு காட்டியது. அங்கே கோடரி பகை.

கதிர்க்குருவி குளிர்காலத்தைக் கழிப்பது பஹாமாஸ் தீவுகளின் புதர்க்காடுகளில். அங்கே வறண்ட ஆண்டுகளில் உணவு குறைவதால், பறவைகள் தாமதமாகப் புறப்படுகின்றன, பிழைப்பவையும் குறைகின்றன. மிச்சிகனில் எவ்வளவு நட்டாலும் இந்த இழப்பைத் தடுக்க இயலாது. ஆகவே பாதுகாப்புக்கான நிதியில் ஒரு பங்கு அத்தீவுகளுக்குப் போய்ச்சேர வேண்டும்.

2019 அக்டோபரில் இப்பறவை அமெரிக்காவின் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2021இல் 2,245 இணைகள் கணக்கிடப்பட்டன. இந்த வெற்றியைக் காட்டி நடவுக்கான பணத்தைக் குறைத்தால், இன்று பறவைகள் கூடுகட்டும் தோப்புகள் இருபதாண்டுக்குள் அவற்றுக்குப் பயன்படாதவையாகிவிடும். இன்று நடும் நாற்றோ ஐந்து ஆண்டு ஆகும்வரை கூட்டுக்கு இடம் தராது. எனவே ஆண்டுதோறும் இத்தனை ஏக்கர் நடவு என்பதைப் பட்டியலைச் சாராத, நிரந்தரச் சட்டக் கடமையாக்க வேண்டும்.